ஒண்ணே முக்கால் மணி நேரம்

என் அக்கா வீட்டுக்காரரைப் பேருந்து நிலையத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘கரெக்ட்டு’ என்பார்கள். “கரெக்ட்டு வந்தாச்சா?” “கரெக்ட்டுகிட்ட கேளு.” “கரெக்ட்டு கையெழுத்துப் போட்டாத்தான் வண்டி நகரும்.” முப்பத்தாறு வருஷம் அவர் அங்கே டைம்கீப்பர். நாலு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, தலைக்கு மேலே ஒரு கடிகாரம், மேஜை மேலே தலையணை கனத்துக்கு ஒரு பதிவேடு. வண்டி வந்தால் வந்த நேரம், போனால் போன நேரம், இரண்டையும் கழித்தால் வருவது ரன்னிங் டைம். இதுதான் வேலை. இதை ஒரு மனுஷன் முப்பத்தாறு வருஷம் சலிக்காமல் செய்ய முடியுமா என்று கேட்டால், அவரைப் பார்க்காதவர்கள்தான் அப்படிக் கேட்பார்கள்.

நான் அவருக்குக் கொழுந்தியாள். ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அவர்கள் கீழ் வீட்டில், நான் மாடியில். அவர் என்னை ‘டைப்பு’ என்று கூப்பிடுவார். நான் மாமா என்பேன். கோபம் வந்தால் நானும் கரெக்ட்டு என்பேன். எனக்குக் கோபம் அடிக்கடி வரும், அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் வாயில் பொய் வராது. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, புகாராகத்தான் சொல்கிறேன். நான் டைப்பிங் பரீட்சையில் முதல் தடவை தோற்றபோது வீடே என்னைச் சுற்றி உட்கார்ந்து, பேப்பர் கஷ்டம், மெஷின் சரியில்லை, நேரம் சரியில்லை என்று தேற்றிக்கொண்டிருந்தது. இவர் வந்தார். “ரெண்டு மாசம் ஒழுங்கா உட்கார்ந்திருந்தா பாஸ் ஆகியிருப்ப” என்றார். ஒரு மாதம் அவர் முகத்தில் முழிக்கவில்லை நான்.

என் அக்கா பாடு அதைவிட மோசம். அவள் எதைச் சமைத்து வைத்தாலும், “உப்பு ஒரு சிட்டிகை குறைவு” அல்லது “ஒரு சிட்டிகை கூட” என்று தீர்ப்பு வரும். சரியாக இருந்தால் ஒன்றும் வராது. ஒரு தடவை அவளுக்குக் காய்ச்சல் வந்து தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டிப் போயிற்று. கண்ணாடி முன்னால் நின்று, “ரொம்ப அசிங்கமா இருக்கேனா?” என்று கேட்டாள். எந்தப் புருஷனும் அந்த இடத்தில் ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்துக்கொள்வான். இவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தார். “முன்ன மாதிரி இல்ல. ஆறு மாசத்துல வளர்ந்துடும்” என்றார். ஆறு மாதத்தில் வளர்ந்துதான் விட்டது, அது வேறு விஷயம். அன்றைக்கு அக்கா குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். நான் கதவைத் தட்டியபோது உள்ளேயிருந்தே, “எனக்காக ஒரே ஒரு பொய் சொன்னா இவர் வாயிலேருந்து முத்தாடி உதிர்ந்துடும்?” என்றாள்.

அவருடைய கூண்டில் ஒரு விதி உண்டு. ஒரு வண்டி அதன் ரன்னிங் டைமைப்போல இரண்டு மடங்கு நேரமாகியும் வந்து சேரவில்லை என்றால், பதிவேட்டில் அந்த வண்டியின் வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டு டிப்போவுக்குத் தகவல் சொல்ல வேண்டும். கோடு விழுந்தால் அந்த வண்டியை இனி எதிர்பார்க்கவில்லை என்று அர்த்தம். தம் சர்வீஸில் இரண்டே தடவைதான் அவர் அந்தக் கோட்டைப் போட்டார். ஒன்று வெள்ளத்தில் நின்றுபோன வண்டி. இன்னொன்றைப் பற்றி அவர் பேச மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

அக்காவுக்கு ஒரே மகள். நாலு வருஷமாக வேறு நாட்டில் இருக்கிறாள். போன வருஷம் ஒருநாள் போன் செய்து அழுதாள். மாடிப்படியில் வழுக்கிக் கால் முறிந்து தொடைவரைக்கும் கட்டுப் போட்டிருக்கிறார்களாம். வீட்டில் நாலு வயசில் இரட்டைப் பெண்கள். மாப்பிள்ளைக்கு ஒரு வாரம்தான் லீவு. “அம்மா, நீ வந்தே ஆகணும்” என்றாள். மாமா போக முடியாது. இடது கண்ணில் புரை எடுத்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. ஒரு மாதத்துக்குத் தூரப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு நாலு தடவை கண்ணுக்குச் சொட்டு மருந்து விட வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்வேன். ஆக, அக்கா தனியாகத்தான் போக வேண்டும்.

என் அக்கா லிஃப்டில்கூட ஏறாதவள். அஞ்சாவது மாடியென்றாலும் மூச்சு வாங்க வாங்கப் படியில்தான் ஏறுவாள். கதவை மூடினால் அவளுக்கு நெஞ்சை அடைக்கும். அவளை விமானத்தில் ஏற்றுவதாவது!

“எவ்வளவு தூரம் இருக்கும்?” என்று கேட்டாள். நம் ஆட்களுக்குத் தூரம் என்றால் கிலோமீட்டர் கிடையாது. எவ்வளவு தூரம் என்று கேட்டால் அரை மணி நேரம் என்றுதான் பதில் சொல்வோம். அவள் கேட்டதும் அதைத்தான். “ரெண்டு மணி நேரத்துக்குள்ளன்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்துடுவேன். அதுக்கு மேல என்னால முடியாது. நடுவானத்துல எழுந்து கத்திடுவேன். அப்புறம் மானம் போச்சுன்னு என்கிட்ட யாரும் வந்து நிக்கக் கூடாது.”

மாப்பிள்ளை டிக்கெட் எடுத்தார். எங்கள் தெருமுனை டிராவல்ஸில் அதை நம் மொழியில் அச்சடித்துக் கொடுத்தார்கள். மாமா பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு, கட்டுப் போடாத கண்ணால் அதைப் படித்தார். புறப்பாடு 9.30. வருகை 11.15.

அவசரக்காரராக இருந்தால் அங்கேயே கழித்திருப்பார். இவர் கரெக்ட்டு ஆயிற்றே. “டைப்பு, இங்க வா. அந்த ஊர்க் கடிகாரம் நம்மளைவிட மூணரை மணி நேரம் பின்னாடி. இதுல போட்டிருக்கிறது எந்த ஊர் மணி? எங்கயாவது எழுதியிருக்கா பாரு.”

நான் பார்த்தேன். அடியில் எறும்பு ஊர்கிற மாதிரி சின்ன எழுத்தில் ஒரு வரி இருந்தது. சத்தமாக வாசித்தேன். “குறிப்பிட்டுள்ள நேரங்கள் அனைத்தும் உள்ளூர் நேரம்.”

“உள்ளூர்னா?”

“உள்ளூர்னா உள்ளூர்தான் மாமா. நம்ம ஊர். அந்த ஊர்னா வெளியூர்னு போட்டிருப்பாங்கல்ல?”

மாமா கொஞ்ச நேரம் யோசித்துத் தலையை ஆட்டினார். “நல்ல ஏற்பாடு. நமக்குக் குழப்பம் வரக் கூடாதுன்னு எல்லாத்தையும் நம்ம நேரத்துக்கே மாத்திப் போட்டிருக்காங்க.” அதற்குப் பிறகுதான் கழித்தார். ரன்னிங் டைம் ஒண்ணே முக்கால் மணி.

அக்கா நம்பவில்லை. மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவை மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நான் என்னைக்காவது நேரத்தைத் தப்பாச் சொல்லியிருக்கேனா?” என்றார். அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்? சரி என்றுவிட்டாள். அன்று சாயங்காலமே தெருவுக்கெல்லாம் சொல்லியாயிற்று. “ஒண்ணே முக்கால் மணி நேரம்தானாம்! ஒரு சினிமா பார்க்கிற நேரம்கூட இல்ல.”

கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். விடிவதற்கு முன்னாலேயே எழுந்து எங்கள் இருவருக்கும் மத்தியானச் சாப்பாடாக ரொட்டியும் பொரித்த முட்டையும் செய்து தட்டுப் போட்டு மூடி வைத்திருந்தாள். பயத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. விமான நிலைய வாசலில் மாமா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி அவள் கையில் கட்டினார். “இதைப் பார்த்துக்கிட்டே இரு. பதினொண்ணே கால் ஆச்சுன்னா எழுந்து பையை எடு. நீ இறங்கும்போது அங்க காலை ஏழே முக்கால்தான் ஆகியிருக்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பொண்ணு வீட்டுல இருப்ப.” அக்கா கடிகாரத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள், திரும்பியே பார்க்கவில்லை. பார்த்தால் வந்துவிடுவாள், அதனால்தான்.

நாங்கள் வீடு திரும்பினோம். ஒன்பது இருபத்தைந்துக்கு அவளிடமிருந்து போன். “கதவை மூடிட்டாங்க” என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள். மாமா ஒரு பழைய டைரியை எடுத்துப் பதிவேடு மாதிரியே கட்டம் போட்டார். புறப்பாடு, வருகை, ரன்னிங் டைம், குறிப்பு. முதல் கட்டத்தில் 9.30 என்று எழுதினார். நான் சொட்டு மருந்து விட்டேன். “சிரிக்காதே, டைப்பு” என்றார். நான் சிரிக்கவே இல்லை, கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. எனக்காக யார் கட்டம் போடப் போகிறார்கள்?

பதினொண்ணே கால் ஆயிற்று. அவள் போன் அந்த ஊரில் வேலை செய்யாது. இறங்கி, பெட்டியை எடுத்து, மாப்பிள்ளை போனிலிருந்து பேச அரை மணி நேரம் என்று மாமா கணக்கு வைத்திருந்தார். பதினொண்ணே முக்கால் ஆயிற்று. போன் வரவில்லை. “கூட்டமா இருக்கும்” என்றேன். பன்னிரண்டும் ஆகிவிட்டது. மாமா வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தார். பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி தெருமுனையை எட்டிப் பார்த்தார். விமானம் என்ன தெருமுனையில் திரும்பியா வரும்?

மகள் நம்பருக்குப் போட்டோம். பேத்திகளில் ஒருத்தி எடுத்தாள்.

“கண்ணு, பாட்டி வந்தாச்சா?”

“பாட்டி வரலை.”

“அப்பாவைக் கூப்பிடு.”

“அப்பா தூங்குறாங்க.”

“தூங்குறாரா? பாட்டியைக் கூட்டிட்டு வரப் போகலையா?”

“அப்பா தூங்குறாங்க. அம்மா குளிக்கிறாங்க. தாத்தா, என் பொம்மைக்கும் கால் கட்டுப் போட்டாச்சு.” தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டு, லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டாலும் அணைக்கப்பட்டுள்ளது என்றே வந்தது. மாப்பிள்ளை நம்பரும் அப்படியே.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. “பொம்பளை அங்க வந்து தன்னந்தனியா நிக்கிறா, இந்த மகாராஜா குறட்டை விட்டுக்கிட்டிருக்காரா?” என்று கத்தினேன். மாமா கத்தவில்லை. அவர் முகம் வெளுத்திருந்தது. “அவ அங்க நிக்கலை, டைப்பு. நின்னிருந்தா யார் போனையாவது வாங்கிப் பேசியிருப்பா. வண்டியே போய்ச் சேரலை.”

டைரியைக் கையில் எடுத்துக்கொண்டு இருவரும் கிளம்பினோம். டிராவல்ஸ் பூட்டியிருந்தது, ஞாயிற்றுக்கிழமை. வேறு எங்கே போவது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கால் தானாகப் பேருந்து நிலையத்துக்குத் திரும்பியது.

கூண்டில் இப்போது ஒரு பெண் டைம்கீப்பர். மாமாவிடம் தொழில் கற்றவள் இல்லை. அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவள், ஆனால் ‘கரெக்ட்டு’ என்றால் தெரியும். எழுந்து நாற்காலியைக் கொடுத்தாள். விஷயத்தைச் சொன்னோம். அவள் தன் போனில் இரண்டு ஊர்ப் பெயரையும் போட்டுப் பார்த்தாள்.

“தூரம் மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், சார். பறக்கிற நேரம் அஞ்சே கால் மணின்னு போட்டிருக்கு.”

“அது ஆர்டினரியா இருக்கும். எல்லா இடத்துலயும் நிறுத்திப் போறது” என்றார் மாமா. “இது பாயின்ட் டு பாயின்ட். ஒண்ணே முக்கால்.”

அவள் ஏதோ பெருக்கினாள், வகுத்தாள். “அப்படின்னா மணிக்கு ரெண்டாயிரத்து நூத்தி எழுபது கிலோமீட்டர் ஓடணும், சார்.”

“ஓடணும்னா ஓடாதா? அது பஸ்ஸா?”

“எனக்குத் தெரியலை, சார்.”

தேநீர் கொண்டு வந்தவர், போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், அதனால் சீக்கிரம் போகும் என்றார். ஒரு கண்டக்டர், பூமி சுற்றுகிறதல்லவா, ஊரே விமானத்துக்கு எதிரில் வரும், அதனால்தான் நேரம் குறைவு என்றார். இன்னொருவர், அது எதிரில் வராது, விலகிப் போகும் என்றார். இருவரும் அங்கேயே பூமியை எந்தப் பக்கம் சுற்றவிடுவது என்று சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஒவ்வொருவர் பேசும்போதும் அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது.

“இருங்க சார், அந்த விமானம் எங்க இருக்குன்னு பார்க்கலாம்” என்று அந்தப் பெண் மறுபடியும் போனைத் தட்டினாள். அவள் முகம் மலர்ந்தது. “பயப்படாதீங்க. இன்னும் வானத்துலதான் இருக்கு.”

மாமா எழுந்துவிட்டார். “இன்னுமா?”

“ஆமா சார். இறங்கலைன்னு காட்டுது.”

“மணி ஒண்ணு ஆகப் போகுது. ஒண்ணே முக்கால் மணி நேரத்துக்கு எண்ணெய் போட்டுக்கிட்டுப் போனவன் மூணரை மணி நேரமா மேலேயே இருக்கான்னா என்னம்மா அர்த்தம்?”

அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. அவள் ஆறுதலாகச் சொன்ன செய்திதான் எங்கள் தலையில் கல்லைப் போட்டது. இறங்க இடம் கிடைக்காமல் சுற்றுகிறதோ? வழி தப்பிவிட்டதோ? நடுவானத்தில் அக்கா எழுந்து கத்திக்கொண்டிருக்கிறாளோ? பக்கத்தில் யார் இருக்கிறார்கள் அவளைப் பிடித்து உட்கார வைக்க?

கூண்டுக் கடிகாரத்தில் மணி ஒன்று. ஒண்ணே முக்காலுக்கு இரண்டு மடங்கு மூணரை. யாரும் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கூண்டில் இருந்த எல்லாருக்கும் விதி தெரியும். மேஜை மேலே சிவப்புப் பேனா இருந்தது. மாமா டைரியை விரித்தார். பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார். 9.30 என்ற வரிக்குக் கீழே பேனா முனையை வைத்தார். அந்த முனை அங்கேயே நின்றது. காகிதத்தில் சிவப்பாக ஒரு புள்ளி ஊறிப் பெரிதாகிக்கொண்டே வந்தது.

“போடாதீங்க மாமா.”

“போட மாட்டேன்” என்றார். மூடியைப் போட்டு அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். “இன்னைக்கு விதி கிடையாது.” அப்புறம் என்னைப் பார்த்தார். “அவ மாட்டேன்னு சொன்னா, டைப்பு. மூணு தடவை கேட்டா. நான்தான் ஒண்ணே முக்கால்னு சொல்லி ஏத்திவிட்டேன். அவ விமானத்தை நம்பி ஏறலை. என்னை நம்பி ஏறினா.”

கட்டுப் போட்ட கண்ணும் சேர்ந்து ஒழுகியது. அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு மணிக்கு விட வேண்டிய சொட்டு மருந்தை என் பையிலிருந்து எடுத்து அங்கேயே, அந்தக் கூண்டுக்குள்ளேயே, கட்டை விலக்கி விட்டேன். முதல் சொட்டு கன்னத்தில் விழுந்தது. அவர் திட்டவில்லை.

வீட்டுக்கு வந்துவிட்டோம். அங்கே உட்கார்ந்து என்ன செய்வது? போன் வந்தால் வீட்டுக்குத்தான் வரும். மூடி வைத்த தட்டு மேஜையில் அப்படியே இருந்தது. அதைத் தொடும் தைரியம் இருவருக்கும் இல்லை. இரண்டு மணி ஆயிற்று, இரண்டரை ஆயிற்று. நான் எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டேன். அவர் வாசல்படியில் உட்கார்ந்து, கடிகாரம் இல்லாத வெறும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

மூணு இருபத்திரண்டுக்குப் போன் அடித்தது. மாப்பிள்ளை நம்பர். மாமா பக்கத்தில் வந்தார், எடுக்கவில்லை. “நீ எடு” என்றார். நான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

“என்னங்க!”

அக்காவின் குரல். மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

“சரியான ஆளுங்க நீங்க!” என்றாள் அக்கா.

“எங்க... எங்க இருக்க?”

“எங்க இருப்பேன்? பெட்டியை எடுத்துக்கிட்டு மாப்பிள்ளை பக்கத்துல நிக்கிறேன். அஞ்சு நிமிஷம் முன்னாடியே இறக்கிட்டாங்க, இந்த ஊர் மணிக்குப் பதினொண்ணு பத்து. உங்க பேத்தி போனையெல்லாம் அணைச்சுப் பொம்மைப் பெட்டியில போட்டு மூடிட்டாளாம், தேடி எடுத்துக்கிட்டு இவர் இப்பத்தான் வந்தார். ஒண்ணே முக்கால் மணி நேரமாம்ல, ஒண்ணே முக்கால்! அஞ்சே கால் மணி நேரங்க!”

மாமா நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நீங்க சொன்ன மாதிரியே பதினொண்ணே கால் ஆச்சுன்னு எழுந்து பையை எடுக்கப் போனேன். பக்கத்து சீட்டுல ஒரு நர்ஸ் பொண்ணு, கையைப் பிடிச்சு, ‘எங்கம்மா போறீங்க, இன்னும் மூணரை மணி நேரம் இருக்கு’ன்னா. எனக்கு உயிரே போயிடுச்சு. அவகிட்ட சண்டை போட்டேன். என் வீட்டுக்காரர் டைம்கீப்பர், அவர் சொன்னாத் தப்பாதுன்னேன். அவ டிக்கெட்டை வாங்கிப் பார்த்துட்டுச் சிரிக்கிறா. உள்ளூர் நேரம்னா அந்தந்த ஊர் நேரமாம். கிளம்புறது நம்ம ஊர் மணி, இறங்குறது இந்த ஊர் மணியாம்.”

எனக்குப் பேய் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. வாசித்தது யார்? நான். உள்ளூர்னா உள்ளூர்தான் என்று பெரிய பண்டிதை மாதிரி அர்த்தம் சொன்னது யார்? நான். ஒண்ணே முக்காலோடு மூணரையைக் கூட்டினால் அஞ்சே கால். முதல் வகுப்புக் குழந்தை கூட்டும். அந்தக் கூண்டுக்குள்ளே நின்ற ஒருவருக்குக்கூட அது தோன்றவில்லை.

அக்கா பேசிக்கொண்டே போனாள். “அப்புறம் உட்கார்ந்து யோசிச்சேன். இது இவருக்கா தெரியாது? முப்பத்தாறு வருஷம் நேரத்தோடயே குடித்தனம் பண்ணின மனுஷனுக்கா தெரியாது? தெரிஞ்சுதான் சொல்லியிருக்கார். அஞ்சே கால்னா நான் ஏற மாட்டேன்னு, என் பயத்துக்காக, வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லியிருக்கார்.” அவள் குரல் உடைந்தது. “எனக்காக ஒரு பொய்! கல்யாணமாகி இத்தனை வருஷத்துல! சிரிச்சேன், அப்புறம் அழுதேன், அந்த நர்ஸ் பொண்ணு பயந்தே போயிட்டா. ஆனா அதுக்கப்புறம் எனக்குப் பயமே வரலைங்க. மூணரை மணி நேரமும் ஜன்னலோரம் மேகத்தைப் பார்த்துக்கிட்டே வந்தேன். சொல்லுங்க, தெரிஞ்சுதானே சொன்னீங்க?”

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ‘உன் தங்கச்சிதான் வாசிச்சா’ என்று ஒரு வார்த்தை போதும். அது உண்மையும்கூட. இந்த மனுஷன் உண்மையைச் சொல்லாமல் இருந்ததே இல்லை. முடி கொட்டின பெண்டாட்டியிடம்கூடச் சொன்னவர்.

“ஆமா” என்றார் மாமா.

“என்னது? கேட்கலை.”

“ஆமா. தெரிஞ்சுதான் சொன்னேன்.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “அதானே பார்த்தேன்! அப்ப நான் எப்ப வந்து சேருவேன்னு உங்களுக்குத் தெரியும். நிம்மதியாச் சாப்பிட்டுத் தூங்கியிருப்பீங்க.”

“ஆமா. சாப்பிட்டேன். ஒரு தூக்கம் போட்டேன்.”

“முட்டை எப்படி இருந்துச்சு? உப்பு?”

மாமா மேஜையைப் பார்த்தார். மூடிய தட்டு மூடியபடியே இருந்தது.

“சரியா இருந்துச்சு” என்றார்.

அக்கா சிரித்தாள் பாருங்கள், நான் அவளோடு கூடப் பிறந்து வளர்ந்தவள், அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. “இன்னொரு பொய்! உப்பே போடலைங்க நான்! பதற்றத்துல மறந்துட்டேன். விமானத்துல ஏறின பிறகுதான் ஞாபகம் வந்துச்சு. சரியா இருந்துச்சாம்ல!” மாப்பிள்ளையிடம் சொல்கிறாள், “கேட்டீங்களா? உப்பே இல்லாத முட்டை சரியா இருந்துச்சாம்!” சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

மாமா தரையிலிருந்து எழுந்து, டைரியைத் திறந்து, வருகைக் கட்டத்தில் 11.10 என்று எழுதினார். குறிப்புக் கட்டத்தில், ஐந்து நிமிடம் முன்னதாக. ரன்னிங் டைம் கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. சிவப்புப் புள்ளியின் மேல் கட்டை விரலை வைத்து ஒரு தடவை தேய்த்தார், போகவில்லை.

“அவகிட்ட சொல்லிடாதே, டைப்பு.”

“என்னத்தைச் சொல்லப் போறேன்? நானே மாட்டிக்கவா?” என்றேன். அழுகை வந்துவிடும்போல இருந்தது, அதனால் எரிந்து விழுந்தேன்.

மேஜைக்கு வந்து தட்டைத் திறந்தார். முட்டை ஆறிப்போய் ரப்பர் மாதிரி இருந்தது. ரொட்டியைப் பிய்த்து ஒரு வாய் போட்டுக்கொண்டார். நான் உப்பு டப்பாவை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

“வேண்டாம். சரியாத்தான் இருக்கு” என்றார் மாமா.